மீன்குஞ்சுப் பை வாங்குமுன்: குமரி மாவட்டக் குளங்களுக்கு வரும் குஞ்சுகள், மதிப்பெண்களுடன்

வழக்கமாக ஜூன் முதல் வாரம் பேச்சிப்பாறையில் தண்ணீர் திறப்பார்கள். தோவாளைக் கால்வாயிலும் அனந்தனார் கால்வாயிலும் தண்ணீர் ஓடத் தொடங்கியதும் குளங்கள் நிரம்பும், பின்னாலேயே மீன்குஞ்சு வண்டிகளும் வந்துவிடும். ஆக்சிஜன் அடைத்த பாலிதீன் பைகளில் கட்லா, ரோகு, மிர்கால், சாதாக் கெண்டை, புல்கெண்டை, 'கிஃப்ட்' சிலேப்பி (திலேப்பியா), நட்டர் (பாக்கு), அசாம் வாளை (பங்கேசியஸ்) எனப் பல குஞ்சுகள் வரும். கேட்டால் கெளுத்தியும் கிடைக்கும், அதைப் பற்றிப் பிறகு. எந்த விற்பனையாளரையும் பெயர் சொல்லி இங்கே மதிப்பிடவில்லை. பைக்குள் இருக்கும் குஞ்சுக்குத்தான் மதிப்பெண்.

வாங்குபவர் முதலில் கேட்பது "எத்தனை மாசத்துல எத்தனை கிலோ?" என்றுதான். இந்த மாவட்டத்துக்கு அதைவிட முக்கியமான கேள்வி வேறு இருக்கிறது: இந்த மீன் நம் குளத்தின் நின்ற தண்ணீரிலேயே முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்குமா? இங்கே தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெய்கிறது. ஒரு குளத்தின் மறுகால் அடுத்த குளத்துக்குள் பாய்கிறது, கடைசிக் குளத்தின் தண்ணீர் பழையாற்றிலோ வள்ளியாற்றிலோ போய்ச் சேர்கிறது. 2021 நவம்பர் வெள்ளம் போல ஒன்று வந்தால் வீட்டுக் குளம், பண்ணைக் குளம், ஊர்க் குளம் என்ற வேறுபாடே இருக்காது. தப்பிய மீன் நின்ற தண்ணீரில் பெருகாத இனமாக இருந்தால் சில ஆண்டுகளில் வலையிலோ கொக்கின் வாயிலோ தீர்ந்துபோகும். பெருகுகிற இனமாக இருந்தால் அது அங்கேயே குடியேறிவிடும். கீழே உள்ள மதிப்பெண்களில் பாதி வளர்ச்சிக்கும் பாதி இந்தக் கணக்குக்கும்.

முதலில் பை. நல்ல பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி ஆக்சிஜன். 16 முதல் 18 லிட்டர் பிடிக்கும் பையில் ஐந்தாறு லிட்டர் தண்ணீர் போதும். 12 மணி நேரப் பயணத்துக்கு 40 மில்லிமீட்டர் குஞ்சு என்றால் ஒரு பைக்கு 200 முதல் 500 வரை தாங்கும். அதற்கு மேல் திணித்திருந்தால் விலை குறைவாகத் தெரியும், மூன்றாம் நாள் கரையோரம் வெள்ளையாக மிதக்கும்போது கணக்குப் புரியும். குஞ்சைப் பையில் அடைக்குமுன் ஒரு நாளாவது தீனி போடாமல் வைத்திருக்க வேண்டும். பைத் தண்ணீர் கலங்கி, அடியில் கழிவு திரண்டிருந்தால் அந்த வேலை நடக்கவில்லை என்று அர்த்தம். அப்படிப்பட்ட பையைத் திறந்து வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் குளத்துத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்ப்பது தவறு. மூடிய பையில் கரியமில வாயு சேர்ந்து தண்ணீரைச் சற்றுப் புளிப்பாக வைத்திருக்கும், அதனால் அம்மோனியாவின் விஷம் அடங்கிக் கிடக்கும். திறந்ததும் வாயு வெளியேறும், காரத்தன்மை ஏறும், அதே அம்மோனியா குஞ்சின் செவுளைச் சுட்டுவிடும். மூடிய பையைக் குளத்தில் 15 முதல் 20 நிமிடம் மிதக்க விட்டு வெப்பத்தைச் சமப்படுத்துங்கள். பிறகு திறந்து, குளத்துத் தண்ணீர் கொஞ்சம் கலந்து, தாமதிக்காமல் குஞ்சுகளை நீந்திப் போக விடுங்கள். காலையிலோ மாலையிலோ செய்தால் நல்லது.

கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் சேர்ந்த கலப்புப் பைக்குப் பத்துக்கு எட்டு. இவற்றை 'நாட்டு மீன்' என்று சொல்லி விற்கிறார்கள். நாட்டு மீன்தான், ஆனால் நம்மூர் மீன் இல்லை, கங்கைச் சமவெளி ஆறுகளைச் சேர்ந்தவை. பெருக்கெடுத்து ஓடும் ஆற்று வெள்ளம் இல்லாமல் இவை முட்டையிடாது. அதனால்தான் 1957 ஜூலை 10-ஆம் தேதி ஒடிசாவின் அங்குலில் மீன்வள ஆராய்ச்சியாளர் ஹீராலால் சௌதுரி ஹார்மோன் ஊசி மூலம் இவற்றை முட்டையிட வைத்ததை இன்றைக்கும் தேசிய மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடுகிறார்கள். ஊசி இல்லாவிட்டால் இந்தப் பையே இல்லை. ஆண்டுதோறும் புதிதாகக் குஞ்சு வாங்க வேண்டியிருப்பதைச் செலவு என்று பலர் அலுத்துக்கொள்கிறார்கள். குளத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால் அதுதான் இந்தப் பையின் பெரிய நன்மை. பத்து சென்ட் குளத்துக்கு விரலளவுக் குஞ்சு 200 முதல் 400 போதும். எண்ணிக்கையைக் கூட்டினால் எல்லா மீனும் கையளவிலேயே நின்றுவிடும்.

புல்கெண்டையும் வெள்ளிக்கெண்டையும் 1959-இல் வெளிநாட்டிலிருந்து வந்தவை. சிறு குளங்களில் இவையும் பெருகுவதில்லை. ஆனால் ஆறு வந்து சேரும் பெரிய நீர்த்தேக்கத்தை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. இமாச்சலத்தின் கோவிந்த்சாகரில் 1971 வெள்ளத்தில் ஒரு பண்ணையிலிருந்து அடித்துப்போன வெள்ளிக்கெண்டை, மேலே சட்லெஜ் ஆற்றின் ஓட்டத்தைப் பயன்படுத்திப் பெருகி, அணையின் முக்கிய மீனாகவே ஆகிவிட்டது. அங்கே இருந்த கட்லாவும் மஹ்சீரும் சரிந்தன. பேச்சிப்பாறை, பெருஞ்சாணிக்கு மேலே உள்ளவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். புல்கெண்டையைப் பொறுத்தவரை இன்னொரு விஷயமும் உண்டு. அது தன் எடைக்கு இணையாகப் பாசியும் நீர்க்கொடியும் ஒரே நாளில் தின்னும். கரிமீனும் சிறு கெண்டைகளும் ஒதுங்குவது அந்தக் கொடிகளுக்குள்தான். தேரூர், வேம்பனூர் போல 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்த பறவைக் குளங்களுக்குப் பக்கத்தில் இதை விடவே வேண்டாம். தனிக் குளத்தில் களை அதிகம் என்றால் பத்து சென்ட்டுக்குப் பத்துப் பதினைந்து போதும். மதிப்பெண் ஆறு.

சாதாக் கெண்டைக்கு நான்கு. 1939-இல் இலங்கை வழியாக நீலகிரிக்கு வந்த இனம் ஒன்று, 1957-இல் பாங்காக்கிலிருந்து வந்த இனம் ஒன்று. நம் குளங்களில் இருப்பது பெரும்பாலும் இரண்டாவது. இதற்கு ஆறும் வேண்டாம், ஊசியும் வேண்டாம். ஓராண்டுக்குள் பருவம் எய்தி, நின்ற தண்ணீரில் ஆகாயத்தாமரை வேரிலும் பாசியிலும் ஒட்டும் முட்டையை இட்டுவிடும். ஒரு கிலோ எடையுள்ள பெண் மீனுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் முட்டை. நம் வெயிலில் இரண்டு மூன்று நாளில் பொரிந்துவிடும். முட்டையைத் தாய் காப்பதில்லை என்பதால் விரால் இருக்கும் குளத்தில் பெரும்பகுதி தின்னப்பட்டுவிடும், அது ஒரு தடுப்பு. ஆனால் இந்த மீன் சேற்றைக் கிளறித்தான் இரை தேடும். தண்ணீர் நிரந்தரமாகக் கலங்கும், வெளிச்சம் அடிவரை இறங்காது, நீர்க்கொடி கருகும், கொடியை நம்பியிருந்த மீன்கள் குறையும். வரப்பின் அடி மண்ணையும் நோண்டிக் கரையைத் தளர்த்தும். கலப்புப் பையில் இது எத்தனை விழுக்காடு என்று விற்பவரிடம் கட்டாயம் கேளுங்கள். பொரித்து வளர்ப்பது எளிது என்பதால் குறைகிற எண்ணிக்கையை இதை வைத்துத்தான் நிரப்புவார்கள்.

இனி சிலேப்பி. இதற்கு ஒரே மதிப்பெண் போட முடியாது.

பழைய சிலேப்பி, அதாவது மொசாம்பிக் இனம், 1952-இல் இந்தியாவுக்கு வந்தது. 1959-இலேயே அதைப் பரப்ப வேண்டாம் என்று மீன்வள ஆராய்ச்சிக் குழு சொல்லிவிட்டது. அதற்குள் அது வாய்க்காலில் இறங்கியிருந்தது. ஏன் இவ்வளவு எளிதாக நிலைத்தது என்பதைப் புரிந்துகொண்டால் மற்ற எல்லா மீனையும் எடைபோடலாம். ஆண் மீன் கரையோர ஆழம் குறைந்த மண்ணில் தட்டு வடிவில் குழி தோண்டும். பெண் முட்டையிட்டு, உடனே வாயில் எடுத்துக்கொள்ளும். குஞ்சு தானாக நீந்தித் தின்னும் வரை வாயைவிட்டு விலகாது, வெளியே வந்தபின்னும் ஆபத்து என்றால் திரும்ப வாய்க்குள் ஓடும். ஒரு முறைக்குச் சில நூறு முட்டைதான், சாதாக் கெண்டையின் லட்சத்தோடு ஒப்பிட்டால் அற்பம். ஆனால் லட்சத்தில் பிழைப்பதைவிட இந்தச் சில நூறில் பிழைப்பது அதிகம். இரண்டு மூன்று மாத வயதில், விரல் நீளத்திலேயே பருவம் எய்திவிடும். ஐந்தாறு வாரத்துக்கு ஒருமுறை அடுத்த ஈடு. லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் ஆக்சிஜன் இருந்தாலும் தாங்கும். உப்பையும் தாங்கும் என்பதால் மணக்குடிக் காயல் அதற்குத் தடை இல்லை. வட மாநிலங்களில் குளிர்காலம் இதைக் கொல்லும், நம்மூரில் குளிர் எங்கே இருக்கிறது?

மார்ச் முதல் மே வரை கால்வாய் அடைபட்டிருக்கும் மாதங்கள் இதற்கு உதவுகின்றன. குளம் குட்டையாகச் சுருங்கி, தண்ணீர் சுட்டு, ஆக்சிஜன் குறையும்போது மற்ற மீன்கள் முதலில் சாகும். ஜூனில் புதுத்தண்ணீர் வரும்போது காலியான குளத்துக்குள் முதல் ஈடு குஞ்சு விடுவது சிலேப்பிதான். பிறகு நெருக்கம் கூடி வளர்ச்சி நின்றுபோகும். ஐம்பது கிராம் மீன் ஆயிரக்கணக்கில், சமையலுக்கும் ஆகாது, சந்தைக்கும் ஆகாது. இந்தப் பழைய சிலேப்பியை யாரும் பையில் விற்க முன்வந்தால் பூஜ்யம். விற்கவும் தேவையில்லை, கேட்காமலேயே வந்து சேரும்.

'கிஃப்ட்' வேறு சரக்கு. 1988-இல் பிலிப்பைன்ஸில் தொடங்கிய திட்டத்தில் நைல் சிலேப்பியைத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து வளர்த்தது. நல்ல தீனியில் ஐந்தாறு மாதத்தில் அரைக் கிலோ. கட்லா குஞ்சைவிட விலை கூடுதல், தீனியும் மிதவைத் தீனியாக வேண்டும். வளர்ச்சிக்கு மட்டும் மதிப்பெண் போட்டால் ஒன்பது. நம் நாட்டு விதிப்படி ஒருபால் அல்லது மலட்டுக் குஞ்சாகத்தான் வளர்க்க வேண்டும், பண்ணைக்குப் பதிவும் வேண்டும். "அண்ணாச்சி, எல்லாம் ஆண் குஞ்சு, பெருகவே பெருகாது" என்று விற்பவர் சொல்வது அதனால்தான்.

அந்த 'எல்லாம்' எவ்வளவு? பொரித்து நீந்தத் தொடங்கிய 9 முதல் 11 மில்லிமீட்டர் குஞ்சுக்கு, கிலோவுக்கு 60 மில்லிகிராம் மெத்தில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் கலந்த தீனியை 21 முதல் 28 நாள் கொடுத்து ஆணாக மாற்றுகிறார்கள். சரியாகச் செய்தால் 95 முதல் 99 விழுக்காடு வரை ஆண். தவறுவது இரண்டு மூன்று இடங்களில்: குஞ்சை ஒரே அளவாகப் பிரிக்காமல் பெரியதும் சிறியதும் ஒன்றாகப் போட்டால் பெரியது தீனியைப் பிடுங்கிக்கொள்ளும். பச்சைத் தண்ணீரில் வைத்தால் குஞ்சு பாசியைத் தின்று மருந்துத் தீனியை விட்டுவிடும். நாள் தள்ளித் தொடங்கினால் பால் ஏற்கெனவே முடிவாகியிருக்கும். 97 விழுக்காடு என்றே வைத்துக்கொள்ளுங்கள். 2,000 குஞ்சு வாங்கினால் 60 பெண். ஒவ்வொன்றும் முந்நூறு குஞ்சு விட்டால் ஒரே ஈட்டில் 18,000. விராலுக்குப் பாதி போனாலும் மீதி போதும்.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. பை நூற்றுக்கு நூறு ஆணாகவே இருக்கட்டும். மறுகால் வழியே தப்பிப் போன கிஃப்ட் ஆணுக்குப் பெண் தேடிப் போக வேண்டாம், அடுத்த குளத்தில் மொசாம்பிக் பெண்கள் ஏற்கெனவே நிறைந்திருக்கின்றன. இரண்டும் கலந்து பிறக்கும் குஞ்சு மலடு அல்ல. கிஃப்டின் வளர்ச்சியும் மொசாம்பிக்கின் உப்புத் தாங்கும் குணமும் சேர்ந்த கலப்பினம் கிடைத்தால், இப்போது இருப்பதைவிட வலுவான எதிரி கரிமீனுக்குக் காயலிலேயே கிடைத்துவிடும்.

ஆகவே கிஃப்டுக்கு, வளர்க்கும் இடத்தைப் பொறுத்து, இரு வேறு மதிப்பெண்கள். மேட்டுப்பாங்கில், மறுகால் இல்லாத, மழைநீர் உள்ளே வராத தொட்டியிலோ தார்ப்பாய்க் குளத்திலோ வளர்த்தால் ஏழு. கால்வாய்ப் பாசனக் குளத்திலும் வயலோரக் குளத்திலும் ஒன்று. தொட்டியானாலும் வெளியேறும் குழாயில் ஒரு மில்லிமீட்டர் கண்ணுள்ள வலை இரண்டு அடுக்கு வேண்டும். ஒரு அடுக்கு போட்டுவிட்டுப் போனால், ஐப்பசி மழையில் பாசியும் சருகும் அடைத்துத் தண்ணீர் சட்டத்தின் மேலே வழியும். மழைக்காலத்தில் காலையும் மாலையும் வலையைக் கழுவ ஆள் இல்லை என்றால் கிஃப்ட் வளர்க்க வேண்டாம். 25, 30 கிராம் வந்ததும் ஒருமுறை கையால் பிரித்துப் பெண்ணை எடுத்துவிடுவது நல்லது. மீனை மல்லாத்திப் பார்த்தால் ஆணுக்குக் கீழ்ப்புறம் இரண்டு துளை, பெண்ணுக்கு மூன்று. மஞ்சளோ மையோ தடவினால் பளிச்சென்று தெரியும்.

ஆப்பிரிக்கக் கெளுத்திக்குப் பூஜ்யம், பேச்சே இல்லை. 2000-ஆம் ஆண்டிலேயே மத்திய அரசு தடை செய்தது. அதனால் அந்தப் பெயரில் யாரும் விற்பதில்லை. 'ஹைபிரிட் கெளுத்தி', 'வியட்நாம் கெளுத்தி' என்று வேறு பெயரில் வரும். காற்றைச் சுவாசிக்கும், ஈரமான இரவில் வரப்பைத் தாண்டி ஊர்ந்தே அடுத்த குளத்துக்குப் போகும், வாய்க்குள் அடங்கும் எதையும் தின்னும். சந்தையில் அடையாளம் எளிது: கிலோவைத் தாண்டிய கெளுத்தி நம்முடைய நாட்டுக் கெளுத்தியாக இருக்க வாய்ப்பே குறைவு. கோழிக்கழிவு போட்டு வளர்க்கலாம் என்பதால் குத்தகைக்காரருக்கு ஆசை வரும். குத்தகை முடிந்தால் அவர் போய்விடுவார், கெளுத்தி போகாது.

நட்டருக்கும் அசாம் வாளைக்கும் ஐந்து வீதம். இரண்டும் நம் குளத்தில் பெருகுவதில்லை, வாளைக்கு ஊசி வேண்டும், நட்டருக்குத் தென் அமெரிக்க ஆற்று ஓட்டம் வேண்டும். ஆனால் நட்டர் அனுமதி இல்லாமல் நாட்டுக்குள் வந்த மீன் என்பதையும், பற்கள் வலையைக் கடித்துவிடும் என்பதையும் தெரிந்து வாங்குங்கள். பெருகாத மீன்தானே என்று வெள்ளம்தோறும் தப்பவிட்டால், பெருகியதற்கும் பெருகாததற்கும் வித்தியாசம் இல்லாத அளவுக்கு ஆற்றில் சேர்ந்துவிடும். 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரள ஆறுகளில் அரபைமா, 'அலிகேட்டர் கார்' என்கிற முதலை மூஞ்சி மீன் போன்ற வெளிநாட்டு மீன்கள் வலையில் விழுந்தது நினைவிருக்கலாம். யாரோ தொட்டியில் வளர்த்தவைதான்.

அலங்கார மீன் கடையின் 'டேங்க் கிளீனர்', அதாவது உறிஞ்சுவாய்க் கெளுத்தி, இந்தப் பட்டியலில் சேர வேண்டிய பொருள்தான். விரல் நீளத்தில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கும், ஓராண்டில் தொட்டியை விடப் பெரிதாகத் தெரியும், பிறகு பாவம் பார்த்துக் குளத்தில் விட்டுவிடுவார்கள். ஆண் மீன் கரையைக் குடைந்து நீளமான பொந்து செய்து அதற்குள் முட்டையைக் காக்கும். மேல்தோல் எலும்புத் தகடு, முள் வலையில் மாட்டினால் வலையை அறுத்துத்தான் எடுக்க வேண்டும். திருவனந்தபுரத்து நகரக் கால்வாய்களில் ஏற்கெனவே குடியேறிவிட்டது. மதிப்பெண் பூஜ்யம். பெரிதாகிவிட்டால் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள், வாங்காவிட்டால் கொன்று புதைப்பதே மேல்.

குஞ்சைக் குளத்தில் விடுமுன் ஒரு சோதனை. நூறு குஞ்சை அள்ளி வெள்ளைத் தட்டில் ஊற்றுங்கள். முதுகுத் துடுப்பின் பின்பகுதியில் கறுப்புப் பொட்டும், உடலில் குறுக்குக் கோடுகளும், துடுப்பின் முன்பாதி முள்ளாகவும் இருந்தால் சிலேப்பி. முதுகுத் துடுப்பு நீளமாக ஓடி, வாயோரம் இரண்டு ஜோடி மீசை இருந்தால் சாதாக் கெண்டை. தலை பெரிதாக, வாய் மேல்நோக்கி, மீசை இல்லாமல் இருப்பது கட்லா. தலை தட்டையாக, நான்கு ஜோடி மீசை நீண்டிருந்தால் பையைக் கட்டித் திருப்பி அனுப்புங்கள். நூறில் ஒரு சிலேப்பி கண்ணில் பட்டாலும் அந்த வண்டியின் மற்றப் பைகளையும் வாங்க வேண்டாம், அந்தப் பண்ணையின் நாற்றங்கால் குளமே சுத்தமில்லை.

ஏற்கெனவே குடியேறிவிட்டதா என்று அறிய வீச்சு வலை போதும். குஞ்சு விட்டு ஆறு மாதம் ஆன குளத்தில் மூன்று அங்குலத்துக்குக் கீழான சிலேப்பியும் கையளவும் ஒரே வீச்சில் வந்தால் பெருகுகிறது என்று முடிவுசெய்யலாம். ஏப்ரலில் தண்ணீர் இறங்கும்போது கரையோரச் சேற்றில் சோற்றுத் தட்டு அளவில் குழிகள் வரிசையாகத் தெரியும். வலையில் விழுந்த பெண் மீனைக் குளத்தின் மேலேயே உதறாதீர்கள், வாயிலிருக்கும் குஞ்சைத் துப்பிவிடும், அவை பிழைக்கும். வலையோடு கரைக்குக் கொண்டுவந்து வாளியில் போடுங்கள்.

தனிக் குளத்தை முழுதாகச் சுத்தம் செய்வதென்றால் வழி இரண்டு. பத்து சென்ட்டில் ஒரு மீட்டர் தண்ணீருக்கு இலுப்பைப் புண்ணாக்கு 100 கிலோ, இல்லையேல் குளோரின் 30 விழுக்காடுள்ள பிளீச்சிங் பவுடர் 14 கிலோ. தண்ணீரை முதலில் இறைத்து முழங்கால் அளவுக்குக் குறைத்தால் மருந்தும் அந்த விகிதத்தில் குறையும். புண்ணாக்கின் விஷம் மூன்று வாரம் நிற்கும், பிறகு அதுவே உரமாகும். பிளீச்சிங் பழையதாக இருந்தால் வீரியம் பறந்திருக்கும், புதுப் பையை அன்றன்றைக்கு உடைத்துப் போட வேண்டும். இரண்டுமே நாட்டு மீனையும் சேர்த்துக் கொல்லும், ஆகவே ஊர் குளிக்கும் குளத்திலும் பறவைக் குளத்திலும் இந்தப் பேச்சே கூடாது. அங்கே அடைப்புக் காலத்தில் தொடர்ந்து வலை போடுவதும், விராலை விட்டு வைப்பதும்தான் வழி. குறையும், ஒழியாது.

இவ்வளவு செய்தும் தோற்பது பெரும்பாலும் ஒரே இடத்தில். குளம் வெடிக்கும் வரை காய்ந்திருக்கும், மடைக்கு முன்னால் உள்ள குழியில் மட்டும் இரண்டு குடம் தண்ணீர் தேங்கி நிற்கும். அதை இறைக்காமல் விட்டால் ஜூனில் தண்ணீர் வந்ததும் சிலேப்பி அங்கிருந்துதான் கிளம்பும்.